சீலுக்கு எவ்வளவு எட்ட நிற்க வேண்டும்? துருவக் கடற்பயணம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோர்வேயிலோ கனடாவிலோ பிள்ளைகள் இருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது துருவக் கப்பல் பயணமும் பேச்சில் அடிபடத் தொடங்கிவிட்டது. ஓய்வூதியம் எடுத்த அப்பா அம்மாவைச் சிலர் வடதுருவப் பக்கம் நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். வசதி கூடியவர்கள் ஆர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பலேறி அந்தாட்டிக்கா வரை போய் வருகிறார்கள். போகுமுன் கேட்கப்படும் கேள்விகளும், வந்தபின் படங்களைக் காட்டும்போது எழும் கேள்விகளும் இங்கே உள்ளன.

சீல் என்பது நீர்நாயா, கடல்நாயா?

நீர்நாய் வேறு விலங்கு. ஆற்றிலும் குளத்திலும் மீன் பிடிப்பது. சீலைத் தமிழில் கடல்நாய் என்று எழுதுவார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருக்க இங்கே சீல் என்றே எழுதுகிறோம். நோர்வேஜிய மொழியில் அதன் பெயர் "செல்". யாழ்ப்பாணத்துக் காதுக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவுபடுத்தும், அதை விடுவோம்.

பயணிக்கு முக்கியம் பெயர் அல்ல, வகை. காதுமடல் இல்லாத சீல்கள் நிலத்தில் வயிற்றால் ஊர்ந்துதான் போகும். அந்தாட்டிக்காவின் வெடல் சீல், நண்டுண்ணிச் சீல், சிறுத்தைச் சீல், ரொஸ் சீல், யானைச் சீல் எல்லாம் இந்த இனம். (நண்டுண்ணி நண்டு தின்பதில்லை, கிரில் என்னும் சிறிய இறால் போன்ற உயிரைத்தான் தின்னும். பெயர் வைத்தவர் பிழை.) உரோமச் சீலுக்குச் சின்னக் காதுமடல் உண்டு. அது நான்கு துடுப்பையும் ஊன்றி எழும்பி ஓடும், மனிதரைத் துரத்தவும் செய்யும். வடதுருவப் பக்கம் வளையச் சீல், தாடிச் சீல், ஹார்ப் சீல், ஹூட்டட் சீல் ஆகியவை இருக்கின்றன. வால்ரஸ் அவற்றின் உறவுக்காரன்.

அது சும்மாதானே படுத்துக் கிடக்கிறது? நான் பக்கத்தில் நின்றால் அதற்கு என்ன குறையப் போகிறது?

எல்லோருக்கும் தோன்றும் கேள்வி இது. சீல் கடலில் உழைத்துவிட்டு பனியில் ஓய்வெடுக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பால் கொடுப்பது, குட்டி கொழுப்பு ஏற்றுவது, உரோமம் மாற்றுவது, உடம்பைச் சூடாக்குவது என்று அதன் வாழ்க்கையின் பாதி வேலை தண்ணீருக்கு வெளியே, படுத்தபடிதான் நடக்கிறது. அந்த வேலைக்குக் கிடைக்கும் காலமும் மிகக் குறைவு.

ஹூட்டட் சீலை எடுத்துப் பாருங்கள். தாய் பால் கொடுப்பது 4 நாள் மட்டுமே. பாலூட்டிகளில் இதைவிடக் குறுகிய பாலூட்டும் காலம் வேறெதற்கும் இல்லை. பிறக்கும்போது 22 கிலோ அளவில் இருக்கும் குட்டி அந்த 4 நாளில் இரட்டிப்பாகிறது. பாலில் ஏறத்தாழ 60 வீதம் கொழுப்பு. நாம் குடிக்கும் பசுப்பாலில் 4 வீதம் அளவில்தான். மொத்தம் 96 மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் தாய் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் குட்டிக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் பால்நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு போய்விட்டது. உங்கள் வள்ளத்துக்குப் பின்னால் அடுத்த வள்ளம் வந்தால் இன்னொரு பங்கு.

ஹார்ப் சீலுக்குக் கிட்டத்தட்ட 12 நாள். கனடாவின் சென் லோறன்ஸ் வளைகுடாவில் வெள்ளைக் குட்டிகளைப் பார்க்க ஹெலிகொப்டரில் ஆட்கள் போவது 1980களிலேயே தொடங்கிவிட்டது. அங்கு நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. ஆட்கள் நிற்கும்போது தாய்கள் குட்டியை விட்டு விலகின; நின்ற தாய்களும் பால் கொடுப்பதைக் குறைத்துக் காவல் காப்பதைக் கூட்டின. தொட்டுத் தடவப்பட்ட குட்டிகள் சில அசையாமல் விறைத்துப் படுத்தன. "எவ்வளவு சாது, தடவ விடுகிறது" என்று படம் எடுத்தவர்கள் பார்த்தது அந்த விறைப்பைத்தான், பயத்தில் வருவது. ஆட்கள் போன பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் நிலைமை பெரும்பாலும் வழமைக்குத் திரும்பியதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆக, ஒரு தடவை வந்து போவது பெரிய நட்டமில்லை. அடுத்தடுத்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் திரும்ப நேரமே கிடைக்காது.

சீல் குழம்பிவிட்டது என்பதை எப்படி அறிவது?

கடலுக்குள் பாய்ந்த பிறகு அறிவது அறிவே அல்ல. அதற்கு வெகு முன்னரே சொல்லிவிடும்.

முதலில் கண் திறக்கும். பிறகு தலை நிமிரும், உங்கள் பக்கம் திரும்பும். இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். ஓர் அடிகூட முன்வைக்கக் கூடாது. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தலையைத் திரும்பப் போட்டுவிட்டால் அந்த இடம்தான் உங்கள் எல்லை. போடாவிட்டால் பின்னால் போங்கள். அடுத்த கட்டத்தில் உடம்பைத் திருப்பி முகத்தைக் கடல் பக்கம் வைக்கும், துடுப்பை அசைக்கும், குட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து படுக்கும். யானைச் சீல் வாயை அகலத் திறந்து காட்டும். அதைக் கொட்டாவி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கிட்டப் போகிறவர்கள் உண்டு. கொட்டாவி விடுகிற சீல் உங்களைப் பார்ப்பதில்லை. எச்சரிக்கிற சீல் பார்த்துக்கொண்டே திறக்கும்.

எதுவுமே காட்டாமல் படுத்திருந்தாலும் உள்ளே அமைதி என்று சொல்ல முடியாது. அலாஸ்காவில் இதயத் துடிப்பை அளக்கும் கருவி பூட்டிய, துறைமுகச் சீல் என்னும் வகைச் சீல்களில், படகுகள் வந்தபோது வெளியில் பெரிய அசைவு இல்லாமலே துடிப்பு கூடியது பதிவாகியிருக்கிறது.

சரி, கணக்காகச் சொல்லுங்கள். எத்தனை மீற்றர்?

அந்தாட்டிக்கப் பயண நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டோ (1991இல் தொடங்கியது) சொல்லும் குறைந்தபட்சம்: ஊர்ந்து போகும் சீல்களுக்கு 5 மீற்றர், உரோமச் சீலுக்கு 15 மீற்றர். இரண்டு ஓட்டோவை முன்பின்னாக நிறுத்தினால் 5 மீற்றருக்குச் சற்று மேலே வரும். கிரிக்கெட் பிட்ச்சில் முக்கால்வாசி 15 மீற்றர். வடக்கின் பெரும்போர் பார்க்கப் போகிறவர்களுக்குக் கண் அளவு இருக்கும்.

ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. 5 மீற்றர் என்பது அதைவிடக் கிட்டப் போகாதே என்பதற்கான கோடு, அந்தக் கோடு வரைக்கும் போ என்பதற்கு அல்ல. குட்டியோடு இருக்கும் தாய்க்கு அவுஸ்திரேலிய அந்தாட்டிக்கத் திட்டம் 15 மீற்றர் வைத்திருக்கிறது. நீங்கள் எட்ட நின்றாலும் சீல் தானாகவே உங்கள் பக்கம் ஊர்ந்து வரலாம். அப்போது விலக வேண்டியது நீங்கள்.

எண்ணைவிடத் திசை முக்கியம். சீலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்க வேண்டாம். அதன் தப்பும் வழியில் நீங்கள் நிற்கிறீர்கள். 20 மீற்றர் எட்ட நின்றாலும் பயப்படும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலும், இரண்டு ஆண் சீல்களுக்கு நடுவிலும் அப்படியே. குழுவாகப் போனால் சேர்ந்தே நில்லுங்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பரவி வளைத்து நிற்பதைச் சீல் வேட்டைக்காரர் சூழ்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

உரோமச் சீல் பாய்ந்து வந்தால் என்ன செய்வது?

ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும், கற்களும் பாசியும் உள்ள கரையில் உங்களைவிட அது வேகம். நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்று கையை அகல விரியுங்கள், உரத்துக் கை தட்டுங்கள், ஊன்றுகோல் இருந்தால் கல்லில் தட்டிச் சத்தம் போடுங்கள். அநேகமாகச் சில மீற்றருக்கு முன்னால் நின்றுவிடும். பிறகு முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும் தென் ஜோர்ஜியாத் தீவின் சில கரைகளில் ஆண் உரோமச் சீல்கள் இடம் பிடித்துச் சண்டை போடும். அந்த நாட்களில் வழிகாட்டிகள் இறங்கவே விடமாட்டார்கள். காசு கட்டி வந்தோமே என்று வாதாடிப் பயனில்லை.

இறப்பர் வள்ளத்தில் இருந்து பார்த்தால் கரைச்சல் இல்லைத்தானே?

சோடியாக் எனப்படும் அந்தக் காற்றடைத்த வள்ளங்களிலும் நம் கடற்றொழிலாளர் வைத்திருப்பது போன்ற வெளியிணைப்பு இயந்திரம்தான். சீலைக் குழப்புவது சத்தத்தின் அளவைவிடச் சத்தத்தின் மாற்றம். ஒரே சீராக மெல்ல ஓடும் இயந்திரத்தைப் பல சீல்கள் பொறுத்துக்கொள்ளும். திடீரென்று முறுக்கினால், கியர் மாற்றினால், சட்டென்று நிறுத்தினால் தலை தூக்கும்.

நல்ல ஓட்டி செய்வது இப்படி: பனிக்கட்டியில் சீல் தெரிந்தவுடனேயே, ஓரிருநூறு மீற்றர் எட்ட இருக்கும்போதே வேகத்தைக் குறைப்பார். நேரே முகத்துக்கு நேராகப் போகாமல் பக்கவாட்டில், கடந்து போகிறவர் போல வருவார். பனிக்கட்டியின் விளிம்பில் அலை அடிக்காமல் பார்த்துக்கொள்வார், ஏனென்றால் சின்னக் கட்டி ஆடினாலே சீல் இறங்கிவிடும். ஒரே கட்டியைச் சுற்றி இரண்டு மூன்று வள்ளம் நிற்பதில்லை. வள்ளத்துக்குள் ஒருவரும் எழும்பி நிற்பதில்லை. நிற்கிற மனித உருவம் இருக்கிற உருவத்தைவிட அதிகம் பயமுறுத்தும். வால்ரஸ் கூட்டமென்றால் காற்று அவற்றின் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும். வால்ரஸுக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை.

சிறுத்தைச் சீல் மட்டும் எதிர்மாறு. அதுவே வள்ளத்தைத் தேடி வந்து இறப்பரைக் கடித்துப் பார்க்கும். கையைத் தண்ணீரில் விடாதீர்கள். 2003இல் அந்தாட்டிக்காவின் ரொதேரா ஆய்வு நிலையத்துக்கு அருகே நீரில் நீந்திக்கொண்டிருந்த பிரித்தானிய ஆய்வாளர் ஒருவரைச் சிறுத்தைச் சீல் இழுத்துக் கொன்றது.

பெரிய கப்பல் எட்டத்தானே போகிறது?

எட்டம் என்றால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அலாஸ்காவின் டிஸ்என்சான்ட்மென்ட் குடாவில், பனியாறு உடைந்து மிதக்கும் கட்டிகளில் துறைமுகச் சீல்கள் குட்டி போடும். அங்கு உல்லாசக் கப்பல்களில் இருந்தே எண்ணிப் பார்த்தார்கள். கப்பல் 100 மீற்றரில் போனால், 500 மீற்றரில் போவதைவிடச் சீல் தண்ணீருக்குள் இறங்க 25 மடங்கு வாய்ப்பு. பத்துத் தட்டுக் கப்பலின் மேல்தட்டில் நிற்பவருக்கு 100 மீற்றர் ஒன்றும் கிட்டவாகத் தெரியாது, சீலுக்கோ மலை நகர்ந்து வருகிறது. இதே காரணத்துக்காக அலாஸ்காவின் கிளேசியர் குடாவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்னும் கிளைக்குடா மே, ஜூன் மாதங்களில் எல்லாக் கப்பல்களுக்கும் மூடப்படுகிறது. குட்டி போடும் காலம் அது.

பனியில் ஓடும் ஸ்னோமொபைல்? அங்கே சீலே தெரியவில்லையே.

தெரியாததுதான் பிரச்சினை. வளையச் சீல் உறைந்த கடலில் மூச்சுத் துளை ஒன்றை நகத்தால் பிராண்டித் திறந்து வைத்திருக்கும். அந்தத் துளைக்கு மேலே பனிமேடு சேரும்போது, மேட்டைக் கீழிருந்து குடைந்து ஒரு குகை செய்யும். அதற்குள்தான் குட்டி. மேலே நிற்பவருக்கு வெறும் வெள்ளை மேடு. குட்டியின் வெள்ளைப் பஞ்சு உரோமம் காய்ந்திருக்கும்வரைதான் குளிரைத் தாங்கும், நனைந்தால் சூடு போய்விடும். சத்தம் கேட்டுத் தாய் துளை வழியே இறங்கினால் குட்டி தனியே கிடக்கும், அல்லது அதுவும் தண்ணீருக்குள் விழும். பனிக்கரடிக்கும் பனிநரிக்கும் அந்த நேரம் போதும்.

1980களில் அலாஸ்காவில் வானொலிக் கருவி பூட்டிய வளையச் சீல்களைக் கவனித்தபோது, ஸ்னோமொபைல் 2.8 கிலோமீற்றர் எட்ட ஓடும்போதே குகையை விட்டு இறங்கியவை இருந்தன. யாழ் பஸ் நிலையத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு நல்லூர்க் கோயிலையும் தாண்டிப் படுத்திருப்பவர் எழும்பி ஓடுவது போல. பனிக்கட்டி அதிர்வை நன்றாகக் கடத்தும் என்பதுதான் விளக்கம்.

ஸ்வால்பார்ட்டில் டெம்பில்ஃபியோர்டன், பில்லஃபியோர்டன் போன்ற குடாக்களின் உறைந்த பகுதிகளில் மார்ச் 1 முதல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டுவருவது இதற்காகத்தான். உங்கள் வழிகாட்டி கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போனால் "குறுக்கே போகலாமே" என்று நெருக்காதீர்கள்.

தெற்கில் வெடல் சீல் குகை தோண்டுவதில்லை. கடற்பனியில் விழும் வெடிப்புக் கோடுகளின் ஓரத்தில் வெளியே படுத்துக் குட்டி போடும். அந்தாட்டிக்காவின் மக்மர்டோ பக்கம் அக்டோபர், நவம்பரில். மூச்சுத் துளை உறையாமல் இருக்கப் பல்லால் பனியை ராவும், வயதாக ஆகப் பல் தேய்ந்து அதுவே அதன் முடிவுக்குக் காரணமாகலாம். ஆகவே வண்டி ஓட்டுபவர் வெடிப்புக் கோட்டிலிருந்து விலகியே ஓட வேண்டும் (அது வண்டிக்கும் நல்லது). அவுஸ்திரேலியத் திட்டத்தின் விதிப்படி ஸ்னோமொபைல், நான்குசக்கர மோட்டார் சைக்கிள் போன்ற சின்ன வண்டிகள் 150 மீற்றருக்குள் போகக் கூடாது. ஹாகுலன்ட் போன்ற சங்கிலிச் சக்கர வண்டி 250 மீற்றருக்குள் போகக் கூடாது. அங்கேயே நிறுத்தி இறங்கி நடப்பதுதான் வழி.

ட்ரோன் கொண்டு போகலாமா?

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஐயாட்டோ கப்பல்களில் அந்தாட்டிக்கக் கரையோரங்களில் பொழுதுபோக்கு ட்ரோனுக்கு அனுமதி இல்லை. ஸ்வால்பார்ட்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் தடை.

ஆகாயத்தில் இருந்து வரும் பயம் எவ்வளவு கொடியது என்பதற்கு வால்ரஸைப் பார்த்தால் போதும். கோடையில் கடற்பனி வடக்கே பின்வாங்கிவிட்டதால் அலாஸ்காக் கரையில் வால்ரஸ்கள் கூட்டமாக ஏறுகின்றன. 2014இல் பொயின்ற் லே ஊரருகே ஏறத்தாழ 35,000 வந்து குவிந்தன. தோளோடு தோள் இடித்துக் கிடக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு விமானச் சத்தமோ ஒரு கரடியோ போதும், எல்லாம் ஒன்றாகக் கடலை நோக்கிப் பாயும். ஒரு தொன் எடையுள்ள தாய்கள் குட்டிகளின் மேலே ஏறிப் போகும். 2009இல் ஐசி கேப் கரையில் 131 வால்ரஸ்கள், பெரும்பாலும் இளசுகள், நசுங்கிச் செத்துக் கிடந்தன. இதனால்தான் அங்கே விமானங்களை உயரமாகவும் எட்டவாகவும் பறக்கச் சொல்கிறார்கள்.

குட்டி தனியே கத்திக்கொண்டு கிடந்தது. ஒருவரும் உதவவில்லை. இது பாவம் இல்லையா?

பாவமாகத்தான் தெரியும். ஆனால் அநேகமாக அது கைவிடப்பட்ட குட்டி அல்ல. யானைச் சீல் தாய் 23 நாள் அளவில் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்த நாட்களில் 40 கிலோக் குட்டி 120 கிலோ அளவுக்கு ஏறியிருக்கும். பிறகு பல வாரம் ஒன்றும் தின்னாமல் அந்தக் கொழுப்பில் வாழ்ந்து, தானே நீந்தப் பழகும். அதற்கு வேண்டியது அமைதி. சாப்பாடு போடாதீர்கள், தூக்கிக் கடலில் விடாதீர்கள். கரையொதுங்கிய மீன் என்று நினைத்து மேலே தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம், காய்வதற்குத்தான் அது வெளியே வந்தது. இடத்தைக் குறித்து வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அது போதும்.

தோல் பழந்துணி மாதிரி உரிந்து கிடந்ததே, நோயா?

இல்லை, உரோமம் மாற்றுகிறது. யானைச் சீல் ஆண்டுக்கொரு முறை பழைய உரோமத்தைத் தோலின் மேற்பாளத்தோடு சேர்த்து உரித்துப் போடும். புது உரோமம் வளரத் தோலுக்குச் சூடான இரத்தம் ஓட வேண்டும்; குளிர்க்கடலுக்குள் இறங்கினால் அந்தச் சூடு போய்விடும். அதனால் சுமார் ஒரு மாதம் பட்டினியோடு சேற்றுக் குழியில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். அந்தக் குவியலைக் கலைத்துக் கடலுக்குள் விரட்டினால், திரும்ப ஏறி முதலிலிருந்து சூடேற்ற வேண்டியது அதன் செலவு.

ஒஸ்லோவில் ஒரு வால்ரஸைக் கொன்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. 2022 கோடையில் ஃப்ரேயா என்று சனம் பெயர் வைத்த சுமார் 600 கிலோப் பெண் வால்ரஸ் ஒஸ்லோ ஃபியோர்டில் தங்கியது. கட்டி வைத்த படகுகளில் ஏறிப் படுக்கும், சில படகுகள் அமிழ்ந்தும் போயின. பார்க்கச் சனம் திரண்டது. எட்ட நில்லுங்கள் என்று மீன்பிடித் திணைக்களம் திரும்பத் திரும்ப அறிவித்தும், குழந்தைகளோடு கிட்டப் போய்ப் படம் எடுத்தார்கள், அதற்குப் பக்கத்தில் நீந்தினார்கள். ஆகஸ்ட் 14 அன்று மனிதருக்கு ஆபத்து என்று சொல்லி அதைக் கொன்றார்கள். அந்த முடிவு சரியா என்று நோர்வேயில் பெரிய வாதம் நடந்தது. அடுத்த ஆண்டு ஒஸ்லோவில் வெண்கலச் சிலையும் வைத்தார்கள். எங்கள் பார்வையில் மயக்க மருந்தா துப்பாக்கியா என்பது இரண்டாவது கேள்வி. சனம் 50 மீற்றர் எட்ட நின்றிருந்தால் முதல் கேள்வியே வந்திருக்காது.

சில இடங்களில் சீல்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டன. அங்கே கிட்டப் போகலாமா?

பழகுவது உண்மைதான். கிழக்கு அந்தாட்டிக்காவில் பால் கொடுக்கும் வெடல் சீல்களிடம் ஒரே நாளில் ஓர் ஆள் திரும்பத் திரும்ப நடந்து போய்ப் பார்த்தார்கள். ஓரிரு மணித்தியாலத்தில் தாய்கள் தலை தூக்குவதைக் குறைத்துக்கொண்டன. மக்குவாரித் தீவில் ஆட்கள் அடிக்கடி வந்துபோன யானைச் சீல் தாய்கள் கூடுதலாக விழித்திருந்தன, ஆனால் குட்டிகளின் எடையில் வேறுபாடு தெரியவில்லை. இவற்றை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஆட்கள் ஒரே மாதிரி, ஒரே வழியில், மெல்ல நடந்தவர்கள். சுற்றுலாக் குழுவில் ஒருவர் நிற்பார், ஒருவர் குனிவார், ஒருவர் சிவப்பு ஜக்கெற்றோடு சறுக்கி விழுவார். இன்னொன்று, நீங்கள் பார்ப்பவை தங்கியிருக்கும் சீல்கள் மட்டுமே. பழகாதவை ஏற்கனவே இடத்தை விட்டுப் போயிருக்கும்.

கடற்பனியே உருகிப் போகிறது. அதற்கு முன்னால் நாலு பயணிகள் ஒரு பொருட்டா?

அளவில் பார்த்தால் பனி குறைவதும் கிரில் குறைவதும் பெரிய காரணங்கள்; பயணிகளால் மட்டும் ஓர் இனம் அருகியது என்று காட்டும் சான்று இல்லை. அதே நேரம் நாலு பயணிகள் என்பது பழைய கதை. 2023–24 பருவத்தில் அந்தாட்டிக்கா போனவர்கள் 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் அதே சில கரைகளில், நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது சீலும் பென்குயினும் குட்டி, குஞ்சு வளர்க்கும் அதே மாதங்களில். பனி குறையக் குறைய மிச்சமிருக்கும் கரையில்தான் சீலும் படுக்கும், வள்ளமும் ஏறும்.

விதிகளை மீறினால் யார் பிடிப்பார்கள்?

அந்தாட்டிக்காவில் பொலிஸ் இல்லை. 1959இன் அந்தாட்டிக்க ஒப்பந்தத்தின் கீழ் 1972இல் சீல்களுக்கென்று தனி உடன்படிக்கையும், 1991இல் மாட்ரிட் நெறிமுறையும் வந்தன. அவற்றை ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்கியிருக்கிறது. பயணத்தை ஒழுங்கு செய்த நாட்டின் அனுமதிப்பத்திரத்தில்தான் உங்கள் கப்பல் போகிறது, பிடி அங்கே. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஒருவரையும் இறக்க முடியாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம், 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். ஸ்வால்பார்ட்டில் ஆளுநரே அபராதம் விதிப்பார். 2025 ஜனவரி முதல் அங்கே பனிக்கரடிக்கு 300 மீற்றர் எட்ட நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றர்.

பறவைக் காய்ச்சல் சீலுக்கும் வருமா? சீல் கடித்தால்?

வரும். எச்5என்1 2023இல் ஆர்ஜென்டினாவின் வல்டேஸ் தீபகற்பத்தில் அந்த ஆண்டு பிறந்த யானைச் சீல் குட்டிகளில் 17,000 அளவில் கொன்றது. அதே ஆண்டு அக்டோபரில் தென் ஜோர்ஜியாப் பறவைகளில் தெரிந்து, பிறகு அங்குள்ள சீல்களுக்கும் பரவியது. அதனால் இப்போது கரையில் சப்பாத்துத் தவிர வேறொன்றும் நிலத்தில் படக் கூடாது: இருக்கக் கூடாது, முழங்கால் ஊன்றக் கூடாது, பையை வைக்கக் கூடாது. இறங்குமுன்னும் ஏறியபின்னும் சப்பாத்தைக் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கடித்தால், அல்லது சீலைக் கையாளும்போது கீறல் விழுந்தால், சில நாளில் விரல் வீங்கி மூட்டு விறைக்கலாம். வட நோர்வேயில் இதை "ஸ்பெக்ஃபிங்கர்", அதாவது கொழுப்பு விரல் என்பார்கள். காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. அதற்குப் பெனிசிலின் வேலை செய்யாது, டெட்ராசைக்கிளின் வகை மருந்துதான் வேண்டும். ஊர் திரும்பிய பிறகு வீங்கினாலும் டொக்டரிடம் "சீல் கடித்தது" என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள். இங்கே அவருக்கு அது தானாகத் தோன்ற வழியில்லை.

இங்கே சீலே இல்லை. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள் நிற்கும் நாட்களில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தலை கீழே, சொண்டு சேற்றில் என்றால் தின்கிறது. கழுத்து நிமிர்ந்தால் உங்களைக் கண்டுவிட்டது. கூட்டமாக ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் பறக்கப் போகிறது. பறக்கும் படம் வேண்டுமென்று ட்ரோனை விடுபவருக்கும் ஹார்ப் சீல் குட்டியைத் தடவியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்தே கொண்டுபோகும் உடுப்பு, பை பற்றி ஏதாவது?

கப்பலில் ஏறியவுடன் வெளியுடுப்பையும் பையையும் சோதிப்பார்கள். மண்ணும் விதையும் புது நிலத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக. தோட்டத்துக்குப் போட்டுப்போன காற்சட்டையையோ சப்பாத்தையோ கொண்டு போனால் நாயுருவி விதையும் நெருஞ்சி முள்ளும் தையலில் ஒட்டிக்கொண்டே வரும். வெல்க்ரோ பட்டியை விரித்து ஊசியாலோ சாமணத்தாலோ ஒவ்வொன்றாக எடுங்கள். பொக்கற்றை வெளியே திருப்பி உதறுங்கள். சப்பாத்தின் அடிப்பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய வைத்துப் பெட்டியில் வையுங்கள். கமரா முக்காலியின் கால்களையும் நீட்டிப் பாருங்கள், செம்மண் அங்கேதான் இருக்கும்.